பாலம் கடந்தால் கூடும் உற்பத்தித்திறன்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள கெலாங் பாத்தாவில் விடியும் முன்பே மோட்டார் சைக்கிள்கள் செகண்ட் லிங்க் பக்கம் திரும்பிவிடும். 1998இல் திறந்த அந்தப் பாலத்தின் மறுமுனை சிங்கப்பூரின் துவாஸ். கடப்பவர்கள் தொழிற்சாலை ஆள்கள் மட்டுமல்லர். சமையற்காரர், துப்புரவாளர், காசாளர், காவலர் என்று சேவைத் தொழிலில் இருப்போரும் ஏராளம். அவர்களில் ரொட்டி போடும் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். இக்கரையில் அவர் போடுவது ரொட்டி சானாய். அக்கரையில் அதே மாவு, அதே வீச்சு, பெயர் மட்டும் பிராட்டா. எங்கே நின்றாலும் மணிக்கு 60 போடுகிறார், விலை இரு பக்கமும் 2 வெள்ளி என்று கொள்வோம். தமிழில் இரண்டு நாணயத்துக்கும் வெள்ளி என்றே பெயர். ஆனால் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று மலேசிய வெள்ளிக்கும் மேல் கிடைக்கிறது. ஆகவே பாலம் கடந்ததும் அவருடைய உற்பத்தித்திறன் மும்மடங்காகிவிடுகிறது. கை ஒரு நொடிகூட விரைவாக அசையவில்லை.

ஒரு துறையின் மதிப்புக் கூட்டலை அதில் உழைப்போரின் தலையாலோ மணியாலோ வகுத்து, வரும் ஈவை நாட்டுக்கு நாடு ஒப்பிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். தொழிற்சாலைப் பொருளுக்கு இது ஓரளவு பொருந்தும். மின்னணுச் சில்லு எல்லை தாண்டி விற்பனையாவதால் அதன் விலை எங்கும் ஏறத்தாழ ஒன்றே. முடிவெட்டுவதும் தரை துடைப்பதும் எல்லை தாண்டுவதில்லை. 1964இல் பொருளியலாளர்கள் பேலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் தனித்தனியே விளக்கியது இதைத்தான். ஏற்றுமதித் தொழிலில் திறன் கூடிய நாட்டில் கூலி ஏறும், அந்தக் கூலி முடிவெட்டுபவரின் கூலியையும் இழுத்துக்கொண்டு ஏறும், கத்தரிக்கோல் பழையதாகவே இருந்தாலும்.

காலத்தையும் சேர்த்தால் சிக்கல் முற்றுகிறது. 1973 மே மாதம் வரை மலேசிய, சிங்கப்பூர் நாணயங்கள் ஒன்றுக்கு ஒன்று என்று இரு கரையிலும் செல்லுபடியாயின. அன்று முதல் இன்று வரை ரொட்டியின் விலை இரு கரையிலும் ஒரே எண்ணாக ஏறி வந்திருந்தால், சந்தை மாற்றுவிகிதத்தில் பார்க்கும் ஆய்வாளர் என்ன எழுதுவார்? கெலாங் பாத்தா ரொட்டிக்காரரின் திறன் அரை நூற்றாண்டில் அக்கரையாரின் திறனில் மூன்றில் ஒன்றுக்கும் கீழே சரிந்தது என்று எழுதுவார். சரிந்தது மலேசிய வெள்ளி.

இதற்கு மருந்தாக வந்ததுதான் வாங்கும் திறன் சமநிலை. 1968இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் இர்விங் கிராவிஸ் முன்னின்று தொடங்கிய அனைத்துலக ஒப்பீட்டுத் திட்டம், நாடு நாடாக விலைகளைத் திரட்டிச் சமன்செய்கிறது. ரொட்டிக்காரருக்கு இது நியாயம் செய்கிறது. ஆனால் தராசே அடிக்கடி மாறுகிறது. 2005ஆம் ஆண்டுக்கான விலைகள் 2007 டிசம்பரில் வெளிவந்தபோது, இந்தியா, சீனா இரண்டின் பொருளாதார அளவும் முன்பு கணித்ததைவிடச் சுமார் 40 விழுக்காடு சுருங்கின. அதற்காக எந்தக் கடையும் மூடவில்லை, எந்த ஆளும் சோம்பிவிடவில்லை. நீண்டகால ஒப்பீட்டுப் படங்களில் எந்த ஆண்டின் விலை அடிப்படை என்பது மூலையில் சிறு எழுத்தில் கிடக்கிறது. முதலில் படிக்கவேண்டியது அதைத்தான்.

விலைகளைச் சமன்செய்யலாம் என்றாலும், அரசு மருத்துவமனையிலும் அரசுப் பள்ளியிலும் விலை என்று ஒன்று கிடையாது. அதனால் பெரும்பாலான நாடுகள் அங்கே செலவையே உற்பத்தியாகப் பதிகின்றன. செலவின் பெரும்பகுதி சம்பளம். அப்படியானால் ஒரு தாதியின் உற்பத்தித்திறன் என்பது அவர் வாங்கும் சம்பளத்தின் இன்னொரு பெயர். பிறகு அந்த எண்ணைக் காட்டியே, திறன் குறைவு, ஆகவே சம்பளமும் குறைவு என்று வாதிப்பது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. சுற்றிச் சுற்றி வரும் அந்த வாதத்தில் உழைப்பவர் நுழைய ஒரு வாசலே இல்லை. பிரிட்டனில் 2005இல் பொருளியலாளர் டோனி அட்கின்சன் தந்த அறிக்கை, சம்பளத்தை விட்டு, செய்த சிகிச்சைகளையும் படித்த மாணவர்களையும் நேராக எண்ணச் சொன்னது. கடினமான வேலை, ஆனாலும் அதுதான் நேர்மையான வழி.

இதனால் ஒப்பீடே வீண் என்று நான் சொல்லவரவில்லை. கெலாங் பாத்தாவுக்கு அருகிலேயே தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் இருக்கிறது. அங்கே கொள்கலன் என்ற திடமான அலகு உண்டு. ஒரு பாரந்தூக்கி மணிக்கு எத்தனை பெட்டிகளை நகர்த்துகிறது என்பதைச் சிங்கப்பூரோடும் ராட்டர்டாமோடும் வைத்துப் பார்க்கலாம். 2000இல் மெர்ஸ்க் தன் மையத்தைச் சிங்கப்பூரிலிருந்து இங்கு மாற்றியதற்குக் கட்டணம் ஒரு காரணம் என்றாலும், அந்த வேகத்தை நம்பாமல் எந்தக் கப்பல் நிறுவனமும் இடம் மாறாது. இந்த அலகிலும் கவனம் வேண்டும். கப்பல் மாறும் பெட்டி இறக்கும்போது ஒருமுறை, ஏற்றும்போது ஒருமுறை என இருமுறை எண்ணப்படுகிறது.

ரொட்டிக் கடையிலும் உண்மையான வேறுபாடு உண்டு. சிங்கப்பூரின் ஜூரோங்கில் வரிசை அறுவதில்லை, இங்கே பிற்பகலில் ஆள் வராத நேரம் நீளும். காத்திருக்கும் மணியும் உழைத்த மணியாகவே பதிவாகும். ஆகவே சேவையில் திறனின் ஒரு பாதி வாடிக்கையாளரின் கால்களில் இருக்கிறது. பயிற்சி வகுப்பு நடத்தி அதைக் கூட்ட முடியாது.

ஒரே நாட்டுக்குள், நிலையான விலையில், ஆண்டுக்கு ஆண்டு பார்ப்பது நாட்டுக்கு நாடு ஒப்பிடுவதைவிட நம்பகமானது. 2010இல் தர்மன் சண்முகரத்தினம் தலைமையிலான சிங்கப்பூரின் பொருளாதார உத்திகள் குழு, ஆண்டுக்கு 2 முதல் 3 விழுக்காடு உற்பத்தித்திறன் வளர்ச்சியை இலக்காக வைத்தது. பின்னர் ஏற்றுமதி சார்ந்த துறைகள் முன்னே ஓட, உணவுக்கடையும் சில்லறை வணிகமும் பின்தங்கின. இங்கே எண் உண்மையைச் சொன்னது, ஏனென்றால் நாணயமும் தராசும் மாறவில்லை.

எல்லையூருக்கென்றே இன்னொரு குறை இருக்கிறது. வீட்டுக்கு வீடு எடுக்கும் கணக்கெடுப்பு, ஆளை அவர் தூங்கும் ஊரில் எண்ணுகிறது. அவர் உண்டாக்கிய மதிப்போ வேலை செய்த ஊரில் பதிவாகிறது. இரண்டையும் பொருத்திச் சரிசெய்யாவிட்டால், ஜொகூரின் உற்பத்தியை அக்கரையில் உழைப்பவரின் தலையையும் சேர்த்து வகுக்க நேரும். மாநிலத்தின் திறன் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்காக இனி ஒப்பீட்டு அட்டவணைகள் நிறைய வரும். இந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று அவற்றில் ஒவ்வொன்றிடமும் கேட்கவேண்டும். குடிநுழைவுச் சாவடியில் காலையும் மாலையும் மோட்டார் சைக்கிளில் நிற்கும் நேரம் எந்த அட்டவணையில் வருகிறது என்றும் கேட்கவேண்டும். உழைத்த மணி என்ற கணக்கு வேலையிடத்தில்தான் தொடங்குகிறது. அந்த வரிசை மலேசியாவின் ஏட்டிலும் இல்லை, சிங்கப்பூரின் ஏட்டிலும் இல்லை.