மகரமும் வனியும்: நீர்வாழ் உயிர்ப்பெயர்களை மொழிபெயர்த்தல்

சப்பானியத் தொன்மங்களில் வரும் 'வனி' என்னும் கடல்வாழ் உயிரியைத் தமிழில் எச்சொல்லால் பெயர்ப்பது? கி.பி. 712இல் தொகுக்கப்பெற்ற 'கொஜிகி'யில், ஒக்கித் தீவிலிருந்து இனாபாக் கரைக்குச் செல்ல விழைந்த முயலொன்று, எண்ணிப் பார்ப்பதாகக் கூறி வனிகளை வரிசையில் நிற்கவைத்து, அவற்றின் முதுகின்மீது தாவிக் கடலைக் கடக்கிறது. 1882இல் இந்நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட சேம்பர்லின் வனியை முதலை என்றார். சப்பானில் முதலை இயற்கையாக வாழ்வதில்லை. இனாபாவை உள்ளடக்கிய சன்-இன் வட்டார வழக்கில் அச்சொல் சுறாவைக் குறிப்பதால், சுறா எனக் கொள்வாரும் உளர். அதே நூலில் கடல்தெய்வத்தின் மகள் தொயோதமா மகப்பேற்றின்போது வனியாக மாறுகிறாள். கி.பி. 720இல் எழுந்த 'நிஹோன் ஷொகி'யின் முதன்மைப் பாடமோ அவளை டிராகன் என்கிறது.

இச்சிக்கல் நமக்குப் புதிதன்று. வடமொழி 'மகரம்' தமிழில் பெரிதும் சுறாவாகக் கொள்ளப்பட்டது. மகர ராசி 'சுறவம்' என்றும், காமன் 'சுறவக்கொடியோன்' என்றும் பெயர் பெற்றமை இதற்குச் சான்று. ஐதராபாத்தில் வழங்கும் தெலுங்கிலோ நிலை வேறு. போதனரின் கஜேந்திர மோட்சப் பகுதியில் பொய்கையில் யானையின் காலைப் பற்றும் 'மகரி' முதலையே. ஒரே வேர்ச்சொல் ஒரு மொழியில் கடலுக்கும் மற்றொரு மொழியில் பொய்கைக்கும் உரியதாயிற்று.

பெயர் மாறினால் கதையின் நீரும் மாறும். பஞ்சதந்திரத்தில் குரங்கோடு நட்புக்கொள்ளும் கராளமுகன் வடமொழிப் பாடத்தில் கடலிலிருந்து வரும் மகரம். தமிழ்ச் சிறுவர் நூல்கள் பலவற்றில் அது முதலையாயிற்று. உடன் கடலும் ஆறாயிற்று. சப்பானின் 'கொன்ஜாக்கு' கதைத்தொகுப்பில் அவ்வுயிரி ஆமை. அங்குக் கடல் கடலாகவே நின்றது. உயிரியை மாற்றியும் சூழலைக் காத்தது ஆமை. மூலத்திற்கு அணுக்கமானதுபோல் தோன்றியும் சூழலை இழந்தது முதலை.

எனவே மொழிபெயர்ப்பாளர் முதலில் வினவ வேண்டியது அவ்வுயிரி எவ்வினம் என்பதன்று. எந்நீரில் வாழ்கிறது, கதையில் என்ன செய்கிறது என்பதே. முயல் கதையில் 'முதலை' என்றால் தமிழ் வாசகர் மனத்தில் ஆறே தோன்றும். முயலின் சூழ்ச்சிக்குக் காரணமான கடற்பிரிவு மறையும். 'சுறா' நீருக்குப் பொருந்தும்; ஆயின் தெய்வமகளின் உருமாற்றத்தைத் தாங்காது. வருணனின் ஊர்தியாகவும் கோயில் தோரணமாகவும் அமைந்த 'மகரம்' இரண்டையும் தாங்கும். இன்றைய வாசகர்க்கு மகரம் என்றவுடன் ராசியே நினைவுக்கு வரும் எனும் தடை உண்மையானது. ஆதலின் சிறுவர்க்கான தழுவலில் சுறாவும், முழுநூல் பெயர்ப்பில் முதல் வருகையில் விளக்கத்துடன் மகரமும் தகும்.

இத்தீர்வு தமிழுக்கு மட்டுமே உரியது. தெலுங்கில் அதே சொல்லின் வடிவம் கதையை மீண்டும் பொய்கைக்கே இட்டுச்செல்லும். வடமொழிச் சொல் என்ற ஒரே காரணத்தால் ஒன்றை இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுநிகரனாகப் பட்டியலிடுவது எத்துணைப் பிழைபடும் என்பதற்கு மகரமே போதிய சான்றாகும்.