இரண்டு பூட்டுக்கு ஒரே சாவியா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலைகளில் ஒரு லேப்டாப் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கை மாறுவது சகஜம். டிஸ்க் முழுவதும் குறியாக்கம் செய்திருந்தால், விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். அதையே விண்டோஸுக்கும் தானாகக் கொடுத்துவிடுவதுதான் ஒற்றை உள்நுழைவு. அது மக்கர் பண்ணும்போது புரட்டுகிற கையேடுகள் மேல்தான் என் கோபம். நீங்க தப்பா அடிச்சிருப்பீங்க என்ற தொனியிலேயே ஆரம்பிக்கின்றன.

உண்மையில் இருப்பது இரண்டு பூட்டு. முதல் பூட்டைத் திறக்கும்போது விண்டோஸும் இல்லை, பெரும்பாலும் நெட்வொர்க்கும் இல்லை. பகல் ஷிஃப்ட்காரர் வேறொரு கணினியில் பாஸ்வேர்டை மாற்றினால், இந்த டிஸ்குக்கு யார் போய்ச் சொல்வது? முதல் திரையில் பழசு, விண்டோஸில் புதுசு. அலுவலக நெட்வொர்க்கில் இருந்தபடி ஒருமுறை இப்படி நுழைந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த ஒரு வரிதான் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது.

தொல்லை தாங்காமல் சில இடங்களில் முதல் பூட்டையே கழற்றிவிடுகிறார்கள். பிட்லாக்கரை டிபிஎம் சிப்போடு மட்டும் விட்டால் எதுவும் கேட்காது, சாவி தானாக வரும். வரும் வழியில் ஒட்டுக்கேட்கவும் முடியும். 2024-இல் ஒருவர் பழைய லெனோவோ லேப்டாப் ஒன்றில், மலிவான ராஸ்பெர்ரி பை பிக்கோவை வைத்து, ஒரு நிமிடத்துக்குள் அந்தச் சாவியைப் பிடித்துக் காட்டினார். டிபிஎம் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கணினிகளில் இந்த வித்தை பலிக்காது. ஆலையில் ஓடுவதெல்லாம் புதுசா என்ன?