உரிமையா, உதவியா? – மாலத் தீவின் வழக்கு

மாசிக் கருவாட்டின் வழியாக நம் கரையோரப் பட்டினங்களுக்குத் தலைமுறைகளாக அறிமுகமான நாடு மாலத் தீவு. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா காழியாக அமர்ந்து தீர்ப்பு வழங்கிய நாடும் அதுவே. இன்று அந்நாடு தானே வாதியாக உலக மன்றத்தில் நிற்கின்றது. புவியின் வெப்பம் மிக மிகக் கடல் மட்டமும் உயர்கின்றது. நிலத்தின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத தீவுகளுக்கு இது வாழ்வா, சாவா என்னும் வினா. அவ்வழக்கை அந்நாட்டு அரசு நடத்தி வந்த முறையை நடுநிலையோடு ஆராய விழைகின்றோம்.

போற்ற வேண்டியதை முதலில் போற்றுவோம். 1987 ஏப்ரலில் பேரலைகள் தலைநகர் மாலேயைத் தாக்கின. அவ்வாண்டு அக்டோபரில், அல்-அஸ்ஹரில் கல்வி பயின்றவரான குடியரசுத் தலைவர் மஃமூன் அப்துல் கய்யூம் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையில் இவ்வாபத்தை எடுத்துரைத்தார். வல்லரசுகள் பலவும் இதனைப் பொருட்படுத்தாதிருந்த காலம் அது. 1989இல் சிறு நாடுகளின் மாநாடு மாலேயில் கூடிற்று. மறு ஆண்டில் சிறு தீவு நாடுகளின் கூட்டணி பிறந்தது. 2007இல் மாலேயில் வெளியான பிரகடனமும், 2008இல் ஐ.நா. மனித உரிமை மன்றம் நிறைவேற்றிய தீர்மானமும் விஞ்ஞானிகளின் கணக்கை மனிதனின் உரிமையாக, நம் மார்க்க அறிஞர் மொழியில் சொன்னால் ஹக்காக, உயர்த்தின. சிறிய நாடொன்று உலகின் சிந்தனைக்கு அளித்த பெருங்கொடை இது.

ஆயின், ஹக்கு வேறு, ஸதகா வேறு என்பதைப் பிக்ஹு நூல்களைப் புரட்டியோர் அறிவர். பிறர் பொருளைச் சேதப்படுத்தியவன் ஈடு செய்யக் கடமைப்பட்டவன். அதற்கு ளமான் என்று பெயர். ஸதகாவோ கொடுப்பவனின் மனத்தைப் பொறுத்தது. கடன்பட்டவன் தன் கடனை ஸதகா என்று சொல்லிக் கொடுத்தால், வாங்குபவன் நன்றி கூற நேரிடுகின்றது; மீதியைக் கேட்கும் துணிவையும் இழக்கின்றான். மாலத் தீவு அரசின் அணுகுமுறை தடுமாறியது இவ்விடத்தில்தான்.

2009 அக்டோபரில் குடியரசுத் தலைவர் முஹம்மது நஷீத் தம் அமைச்சரவையைக் கடலுக்கடியில் கூட்டினார். உலகம் வியந்து பார்த்தது. டிசம்பரில் கோபன்ஹேகன் மாநாட்டில் உருவான உடன்பாட்டைத் துவாலு ஏற்க மறுத்தது. மாலத் தீவு ஏற்றது. வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்த வேண்டும் என்ற தீவுகளின் கோரிக்கை, பின்னர் பரிசீலிக்கப்படும் என்ற அளவிலேயே அதில் இடம்பெற்றது. 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டுவோம் என்று செல்வ நாடுகள் வாக்களித்தன. அத்தொகை 2022இல்தான் எட்டப்பட்டது.

2015இல் பாரிஸ் மாநாடு கூடியபோது தீவுக் கூட்டணியின் தலைமை மாலத் தீவிடம் இருந்தது. 1.5 பாகை என்னும் எல்லை உடன்படிக்கையிலேயே இடம்பெற்றது வெற்றிதான். இழப்பும் சேதமும் பற்றித் தனிப் பிரிவும் கிடைத்தது. எனினும், அப்பிரிவு எவ்வித ஈட்டுப் பொறுப்புக்கும் இழப்பீட்டுக்கும் அடிப்படை ஆகாது என்ற வாசகம் மாநாட்டு முடிவின் 51ஆம் பத்தியில் சேர்க்கப்பட்டது. இதனை ஸுல்ஹு, அதாவது சமரசம், என்று கூறி அமைதி கொள்ளலாம். தன் உரிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க ஒருவனுக்கு அனுமதி உண்டு. ஆனால் வலீயாக இருப்பவன் தன் பொறுப்பிலுள்ள சிறுவனின் உரிமையை, அச்சிறுவனின் நலனுக்கன்றி, விட்டுக்கொடுத்தல் ஆகாது. இன்னும் பிறவாத தலைமுறைக்கு அரசு வலீ அல்லவா? 2022இல் ஷர்முஷ் ஷைக்கில் ஒப்புக்கொள்ளப்பட்டு, 2023இல் துபாயில் தொடங்கப்பெற்ற இழப்பு நிதியும் இதனாலேயே விரும்பியோர் இடும் கொடையாக நிற்கின்றது.

இனி, இல்லத்தின் உள்ளே பார்ப்போம். 2020க்குள் கரிச் சமநிலை எய்துவோம் என்று 2009இல் அறிவித்தார்கள், அது நிறைவேறவில்லை. 2030க்குள் என்று புதிய வாக்கு பிறந்தது. அதுவும் பிறநாட்டு உதவியைப் பொறுத்தது என்ற நிபந்தனையோடு. வெளியிலிருந்து வரும் டீசலே மின்விளக்குகளை எரியச் செய்கின்றது. குல்ஹுதுஃப்புஷித் தீவில் கரையைக் காக்கும் சதுப்பு மரக்காட்டின் ஒரு பகுதி விமான நிலையத்திற்காகத் தூர்க்கப்பட்டது. நெருக்கத்தால் மூச்சுத் திணறும் மக்களுக்கு நிலமும் போக்குவரத்தும் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அலையைத் தடுக்கும் இயற்கை அரணைத் தம் கையாலேயே அழித்துவிட்டு, அலையைப் பற்றி உலகிடம் முறையிடுவது எவ்வாறு பொருந்தும்?

இதனைக் காட்டி வழக்கையே தள்ள முனைவோர்க்கு ஒன்று கூறுவோம். ஷரீஅத்தின் மன்றத்தில் நேர்மையாளன் என்ற தகுதி சாட்சியிடம் கேட்கப்படுகின்றது; வாதியிடம் அன்று. குறையுடையவன் என்பதற்காக ஒருவனுக்குரிய ஹக்கு அழிந்துவிடாது. உலகின் கரிப்புகையில் மாலத் தீவின் பங்கு மிக மிகச் சொற்பம். அதன் உரிமை அப்படியே நிற்கின்றது. ஆனால் அந்நாடு வாதியாக மட்டுமன்றி, ஆபத்தின் சாட்சியாகவும் உலகின் முன் நிற்கின்றதே! சாட்சியின் சொல் வலுவிழந்தால் வழக்கும் தளர்கின்றது.

2025 ஜூலை 23இல் சர்வதேச நீதிமன்றம், பசிபிக் தீவான வனுவாட்டு முன்னின்று எழுப்பிய வினாவுக்குத் தன் ஆலோசனைக் கருத்தை வழங்கிற்று. தட்பவெப்பத்தைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றும், கடமை தவறியோர் ஈடு செய்ய நேரிடலாம் என்றும் அது தெளிவுபடுத்திற்று. கட்டாயப்படுத்தும் தீர்ப்பு அன்று இது. எனினும் ளமானின் வாயில் மீண்டும் திறந்திருக்கின்றது. மாலத் தீவு அரசு இனிக் கொடையாளரின் அவையில் கை நீட்டுவதைக் குறைத்து, கடன் கொடுத்தவனின் நிமிர்வோடு அவ்வாயிலில் நிற்கட்டும். அதற்கு முன், தன் கரையில் எஞ்சியுள்ள மரங்களையும் பவளப் பாறைகளையும் அமானத்தாகக் காக்கட்டும்.