கருதிய தீர்வும் கண்டடைந்த தீர்வும்: கணினிப் புதிர் ஆட்டங்களில் ஒரு பழைய வழக்கு

கணினிப் புதிர் ஆட்டத்தில் ஒரு நிலையை வடிவமைப்பவர், அதை முடிக்கும் வழியொன்றை மனத்தில் வைத்துக்கொண்டே தடைகளை அடுக்குகிறார். ஆடுபவரும் அதே வழியில் வந்து சேர்வார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆட்டத்தின் விதி எதையும் மீறாமல், வடிவமைத்தவர் கனவிலும் நினைக்காத பாதையில் அவர் முடித்துவிடலாம். சில வேளைகளில் சிக்கல் வேறு திசையிலிருந்து வரும். வடிவமைத்தவர் கருதிய வழியே, ஒரு பிக்சலும் ஒரு நொடியின் சிறு பகுதியும் பிசகாமல் செய்தாக வேண்டிய வித்தையாக, எங்கும் சொல்லித்தரப்படாத ஒன்றாக இருக்கும். முதலாவதை இங்கே புறவழி என்றும் இரண்டாவதை நுண்வித்தை என்றும் அழைக்கலாம். இவ்விரண்டையும் பற்றிய வாதங்களுக்கு மிக வளமான களமாக அமைந்த ஆட்டம் லெமிங்ஸ்.

ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் இயங்கிய டிஎம்ஏ டிசைன் உருவாக்கி, சிக்னோசிஸ் 1991 பிப்ரவரியில் அமிகா கணினிக்கு வெளியிட்ட ஆட்டம் அது. பச்சைத் தலைமுடியும் நீல அங்கியும் கொண்ட சிற்றுருவங்கள் ஒரு கதவிலிருந்து வரிசையாக விழுந்து, முன்னால் இருப்பது என்ன என்று பாராமல் நடந்துகொண்டே இருக்கும். சுவரில் முட்டினால் திரும்பும். பள்ளம் வந்தால் விழும். அதிக உயரத்திலிருந்து விழுந்தால் சாகும். அவற்றை நேரடியாக இயக்க ஆடுபவரால் முடியாது. ஏறுதல், குடையுடன் இறங்குதல், வெடித்தல், வழிமறித்தல், படிகட்டுதல், கிடையாகக் குடைதல், சரிவாக வெட்டுதல், நேர்கீழாகத் தோண்டுதல் ஆகிய எட்டுத் திறன்களில் ஒன்றை ஏதாவதொரு லெமிங்குக்கு வழங்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு திறனும் இத்தனை முறைதான் என்று வரையறுக்கப்பட்டிருக்கும். குறிப்பிட்ட விழுக்காட்டினரை வாசலுக்குக் கொண்டுசேர்த்தால் நிலை முடிந்தது. இப்படி நான்கு படித்தரங்களில் 120 நிலைகள்.

இதில் நிலம் கட்டங்களால் ஆனதன்று, பிக்சல்களால் ஆனது. சர்ச்சைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. படிகட்டும் லெமிங் சரியாகப் பன்னிரண்டு படிகளை வைத்துவிட்டுத் தோளைக் குலுக்கி மேலே நடக்கும். அதற்கான ஆணையை இரண்டு பிக்சல் முன்னதாகக் கொடுத்தால் பாலம் எதிர்க்கரையை எட்டாமல் போகலாம். பின்னதாகக் கொடுத்தால் லெமிங் அதற்குள் பள்ளத்தில் விழுந்திருக்கும். கட்டும்போது சுவரில் முட்டினால் அது திரும்பிவிடும் என்பதால், பாலம் கட்டவே தேவையில்லாத இடத்தில் ஒருவனைத் திருப்புவதற்காக மட்டும் படிகட்டும் திறனைச் செலவழிக்கலாம். வழிமறித்து நிற்பவனின் காலடி மண்ணைக் குடைந்து அவனை மீண்டும் நடக்க வைக்கலாம். எல்லோரையும் ஒரு குழிக்குள் சிறைவைத்துவிட்டு, ஒரே ஒருவனை முன்னே அனுப்பிப் பாதை அமைக்கலாம். இவை எவையும் ஆட்டத்தின் கையேட்டுப் பட்டியலில் திறன்களாக இல்லை. ஆயினும் அவை விதிகளிலிருந்து இயல்பாக விளைபவை, கண்ணால் ஒருமுறை பார்த்தால் புரிபவை.

புறவழி பற்றிய வாதம் அந்த ஆட்டம் கடைக்கு வருமுன்பே தொடங்கிவிட்டது. நிலைகளை உருவாக்கிய குழுவில் இருந்த மைக் டெய்லி பின்னாளில் எழுதிய வரலாற்றில் அதைப் பதிவு செய்திருக்கிறார். நிறுவனர் டேவிட் ஜோன்ஸ் ஒரு நிலையை அமைத்து, முடிந்தால் வெல்லுங்கள் என்று சவால் விடுவாராம். சக பணியாளர்கள் அவருடைய பொறிகளையெல்லாம் சுற்றிக்கொண்டு போகும் எளிய வழியொன்றை நிதானமாகக் காட்டுவார்களாம். அவர் முனகிக்கொண்டே திருத்த ஓடுவாராம். அங்கே யாரும் வென்றவரைக் குற்றம் சொல்லவில்லை. ஓட்டை நிலையினுடையது என்பதில் இருதரப்புக்கும் ஐயமில்லை. இந்த அலுவலகப் பண்பாட்டை அடுத்து வந்த தலைமுறைகள் எல்லாம் காப்பாற்றவில்லை.

ஓட்டையை அடைப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. நிலத்தைக் கூட்டலாம், அழிக்க முடியாத இரும்பை வைக்கலாம், திறன்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். முதல் இரண்டும் நிலையின் தோற்றத்தைக் கெடுப்பதோடு, எந்த வழி மூடப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டித் தீர்வையும் பாதி சொல்லிவிடும். அதனால் வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் மூன்றாவதையே நாடுகிறார்கள். ஆனால் கையில் உபரியாக ஒரு பாலமும் இல்லாதபோது, இருக்கும் ஒவ்வொரு படியும் துல்லியமாக விழ வேண்டியதாகிறது. புறவழியை ஒழிக்கப் புறப்பட்டவர் நுண்வித்தையில் போய்ச் சேர்வது இப்படித்தான். தனித்தனியாக நடத்தப்படும் இவ்விரு வாதங்களும் உண்மையில் ஒரே வழக்கின் இரு தரப்புகள்.

துல்லியத்தையும் மறைபொருளையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் தனித்தனியே இயங்கக்கூடியவை. லெமிங்ஸில் 'வி ஆல் ஃபால் டவுன்' என்ற பெயரில் ஒரே நிலப்படம் வெவ்வேறு படித்தரங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நேரே விழுந்தால் சாவு என்பதால் ஒவ்வொரு லெமிங்கையும் தோண்டச் செய்ய வேண்டும். வீழ்ச்சியின் உயரம் குறையும். தீர்வு முதல் நொடியிலேயே தெரிந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது விரல்வேகம் மட்டுமே. கூட்டம் பெருகப் பெருகச் சொடுக்குகள் பெருகுகின்றன, சிந்தனை பெருகுவதில்லை. இதைப் புதிர் என்று சொல்வது கடினம்.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது ஜோனதன் புளோ 2008-இல் வெளியிட்ட பிரெய்ட். காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் வசதி இருப்பதால் தவறுக்குத் தண்டனையே கிடையாது. ஆயினும் அதற்குள் எட்டு நட்சத்திரங்கள் ஒளித்து வைக்கப்பட்டுள்ளன. அவை இருப்பதையே ஆட்டம் சொல்வதில்லை. அவற்றுள் ஒன்றை எடுக்க, அசைவதே தெரியாத ஒரு மேகம் திரையைக் கடக்கும்வரை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இங்கே விரல்வேகத்துக்கு வேலையில்லை, ஊகிப்பதற்கும் தடயமில்லை. புளோ அதைப் பிரதான ஆட்டத்துக்கு வெளியே, விரும்பியவர் தேடிக்கொள்ளட்டும் என்று வைத்ததால்தான் அது மன்னிக்கப்படுகிறது. கதையை முடிக்கக் கட்டாயம் தேவை என்று வைத்திருந்தால், ஆட்டத்தின் நற்பெயரே கெட்டிருக்கும்.

துல்லியமும் மறைபொருளும் ஒன்றுசேரும் இடத்தில்தான் சர்ச்சை சூடாகிறது. லெமிங்ஸின் மூல வடிவத்தில் இரும்பின் எல்லையும் இரும்பின் படமும் தனித்தனியே வரையறுக்கப்பட்டவை. இரண்டும் எல்லா இடங்களிலும் பொருந்தவில்லை. அதனால் இரும்பு போலத் தெரியும் ஒரு விளிம்பைக் குடைய முடியும், மண்போலத் தெரியும் இடத்தில் கருவி நின்றுவிடும். சாவு நிச்சயமான உயரத்திலிருந்து விழுந்தாலும், சரியாக வாசலின் மீது விழுந்தால் பிழைத்துக்கொள்ளும் நடத்தை சில பதிப்புகளில் உண்டு. இவற்றை ஒருவர் பகுத்தறிந்து கண்டுபிடிக்க முடியாது; தற்செயலாக மோதியோ, தெரிந்தவர் சொல்லக் கேட்டோதான் அறிய முடியும். ரசிகர்கள் சொந்தமாக நிலைகள் உருவாக்கத் தொடங்கிய பிறகு, இத்தகைய நடத்தைகளையே தீர்வின் மையமாக வைத்த நிலைகளும் வந்தன. ஆட்டத்தின் உள்ளியக்கம் முழுவதையும் அறிந்திருப்பது ஆட்டக்காரரின் கடமை என்றது ஒரு தரப்பு. நிரலாளரின் கவனக்குறைவைப் பாடத்திட்டத்தில் சேர்க்கக்கூடாது என்றது மறுதரப்பு.

இந்த வழக்கில் ரசிகர்கள் அளித்த தீர்ப்புகளில் தொலைநோக்குடையது நியோலெமிக்ஸ் என்ற மறுஆக்க எஞ்சின். மூல ஆட்டத்தின் பல பிழை நடத்தைகளை அது நீக்கியது. நொடிக்குச் சுமார் 17 அசைவுகளாக ஓடும் ஆட்டத்தை ஒவ்வோர் அசைவாக நகர்த்தவும், பின்னோக்கி ஓட்டவும், ஒரு திறனை வழங்கினால் அதன் விளைவு எங்கே போய் முடியும் என்பதை நிழலாக முன்கூட்டியே காணவும் அது இடமளித்தது. வெடிக்கும் லெமிங்கின் தலைக்கு மேல் ஓடும் ஐந்து நொடி எண்ணிக்கையையும் கைவிட்டது. ஆணையிட்ட இடத்திலேயே வெடிக்கும். ஐந்து நொடி கழித்து அவன் எங்கே நடந்துகொண்டிருப்பான் என்று கணக்கிடுவது முன்பு ஒரு தனிக் கலையாக இருந்தது. அந்தப் பதற்றம் போனால் ஆட்டத்தின் உயிரே போய்விட்டது என்று வருந்தியவர்கள் இருந்தார்கள். பின்னர் வந்த ஒரு கிளை எஞ்சினில் எண்ணிக்கையோடு வெடிப்பது தனித் திறனாகத் திரும்பவும் இடம்பெற்றது. ஆனால் பொதுவாகப் பார்த்தால், கையின் சுமையை இறக்கிவைத்த அந்த முடிவு சரியானதே. கை தவறியதா, யோசனை தவறியதா என்று தெரியாமல் ஒரே நிலையில் மாலை முழுவதும் கழிப்பது எந்தப் புதிருக்கும் பெருமை சேர்ப்பதில்லை.

விதிகளே இரண்டாகப் பிளந்த ஒரு வேடிக்கையும் உண்டு. சக் சோமர்வில் 1989-இல் அட்டாரி லிங்க்ஸ் கருவிக்காக எழுதிய சிப்ஸ் சேலஞ்ச், பின்னர் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஆட்டத் தொகுப்பு வழியாகப் பெரும் புகழ் பெற்றது. லிங்க்ஸில் உருவங்கள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும். விண்டோஸ் பதிப்பில் கட்டம் விட்டுக் கட்டம் தாவும். இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து ஏராளமான வித்தைகள் முளைத்தன. ஒன்றில் முடியும் நிலை மற்றொன்றில் முடியாது. டைல் வேர்ல்டு என்ற பிற்கால நிரல் இரண்டு விதித்தொகுதிகளையும் தனித்தனியே பின்பற்றியது. ரசிகர்களின் தொடக்ககாலத் தொகுப்பு ஒன்று விண்டோஸ் பதிப்பின் வினோதங்களைச் சார்ந்திருந்ததால் லிங்க்ஸ் ஆட்டக்காரர்கள் வெளியே நிற்க நேர்ந்தது. அடுத்து வந்த தொகுப்புகளுக்கு, ஒவ்வொரு நிலையும் இரு விதிகளிலும் முடிய வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. பதிப்புக்குப் பதிப்பு மாறும் வித்தையைத் தீர்வாக வைக்கலாகாது என்ற கொள்கை இதனால் நடைமுறையில் நிலைபெற்றது.

வால்வ் நிறுவனத்தின் போர்ட்டல் (2007) இன்னொரு பாதையில் போனது. தரையில் திறந்த வாயிலுக்குள் உயரத்திலிருந்து குதிக்கும்போது சற்றே பிசகினாலும் விளிம்பில் மோத நேரிடும். அதைத் தவிர்க்க, விழுபவரை வாயிலை நோக்கி மெல்ல இழுத்துவிடும் உதவி ஆட்டத்துக்குள்ளேயே வைக்கப்பட்டது. பலர் அதைக் கவனித்ததே இல்லை. அதே ஆட்டத்தை, மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கப் போட்டியிடும் விரைவோட்டக்காரர்கள் பிழைகளைக் கொண்டு சுவர்களுக்கு வெளியே சென்று முடிக்கிறார்கள். அங்கே வாதம் தீர்ந்த விதம் எளிமையானது: பிழையில்லா ஓட்டம், எல்லைக்குள் ஓட்டம், எல்லைக்கு வெளியே ஓட்டம் என்று போட்டிகளையே பிரித்துவிட்டார்கள்.

துல்லியத்தை அடியோடு அகற்றினால் புறவழியும் அகலுமா? அகலாது. 1982-இல் ஜப்பானில் வெளியான சோகோபான் முழுக்க முழுக்கக் கட்டங்களில் நடப்பது. பெட்டியைத் தள்ளுவதற்கு விரல்நயம் எதுவும் வேண்டியதில்லை. பின்லாந்தின் அர்வி டெய்க்காரி 2019-இல் வெளியிட்ட பாபா இஸ் யூ அந்த மரபில் வந்தது. அதில் விதிகளே தள்ளக்கூடிய சொற்கட்டைகளாகத் திரையில் கிடக்கின்றன. 'சுவர்', 'தடை' என்று பொருள்படும் கட்டைகளின் தொடரைக் கலைத்தால் சுவர் தடையாக இருப்பதும் நின்றுவிடும். எத்தனை அடியும் பின்வாங்கலாம், காலக்கெடு கிடையாது. அப்படியிருந்தும் வடிவமைத்தவர் கருதாத தீர்வுகள் அதில் பெருகிக் கிடக்கின்றன. விதிகள் ஒன்றோடொன்று வளமாகக் கலக்கும் இடமெல்லாம் புறவழியும் பிறக்கும். ஓட்டையே இல்லாத நிலை பெரும்பாலும் ஒற்றையடிப் பாதையாகவே இருக்கும்.

சதுரங்கப் புதிர்க்காரர்கள் இந்தச் சிக்கலை வெகுகாலத்துக்கு முன்பே சந்தித்தவர்கள். ஆக்கியவர் கருதாத இரண்டாவது தீர்வு இருந்தால் அந்தப் புதிர் பழுதானது என்று தள்ளப்படும். அவர்களுடைய வரலாற்றிலேயே இதற்கு ஒரு புகழ்பெற்ற மறுமொழியும் உண்டு. 1895-இல் கிளாஸ்கோ இதழொன்றில் ஜார்ஜ் பார்பியே ஒரு நிலையை வெளியிட்டு, கறுப்புக்காய் சமன்செய்யும் என்றார். வெள்ளைச் சிப்பாயை ராணியாக்காமல் யானையாக்கினால் வெள்ளையே வெல்லும் என்று ஃபெர்னாண்டோ சவேத்ரா என்ற பாதிரியார் சுட்டிக்காட்டினார். இன்று அந்த நிலை கண்டுபிடித்தவரின் பெயரால்தான் அறியப்படுகிறது. கருதிய தீர்வைவிடக் கண்டடைந்த தீர்வு ஆழமானதாக இருந்தால், புதிர் கைமாறிவிடுகிறது. கருதியதைவிட மலிவானதாக இருந்தால் நிலையைத் திருத்த வேண்டும். இரண்டிலும் ஆடியவர்மீது தவறில்லை. வடிவமைத்தவரின் எண்ணம் திரையில் தெரிவதில்லை. தெரியும் விதிகளுக்கு மட்டுமே ஆடுபவர் கட்டுப்பட்டவர். இதே அளவுகோல் நுண்வித்தைக்கும் பொருந்தும்: முந்தைய நிலையொன்றில் ஆபத்தின்றிக் காட்டப்பட்ட வித்தையைப் பின்னர் எவ்வளவு கடினமாகக் கேட்டாலும் முறையே, காட்டப்படாததைக் கேட்பது முறையன்று.

வெளியிடுமுன்பே எல்லாப் புறவழிகளையும் கண்டுபிடித்துவிட முடியுமா என்பது எஞ்சும் கேள்வி. த டாலோஸ் பிரின்சிபிள் (2014) ஆட்டத்தை உருவாக்கிய குரோஷிய நிறுவனமான குரோட்டீம், பதிவுசெய்த தீர்வுகளைத் தானே ஆடிப்பார்க்கும் நிரலொன்றை வைத்திருந்தது. ஒரு மாற்றத்துக்குப் பிறகும் புதிர் தீர்க்கத்தக்கதாக இருக்கிறதா என்று அது சொல்லும். பதிவுகளை மொத்தமாக ஓட்டிப்பார்க்கும் வசதி நியோலெமிக்ஸிலும் உண்டு. ஆனால் தெரிந்த தீர்வு இன்னும் செல்லுமா என்பதைத்தான் இவை சோதிக்கும். தெரியாத தீர்வு இல்லை என்று உறுதிசெய்வது வேறு வகை வேலை. லெமிங்ஸின் ஒரு நிலை தீர்க்கத்தக்கதா என்று முடிவுசெய்வது கணிப்பியலின் கடினமான கணக்குகளின் வகையொன்றைச் சேர்ந்தது என்று கிரஹாம் கோர்மோட் 2004-இல் நிறுவினார்; ஜொவான்னி விலியெட்டா பின்னர் அதைவிடக் கடுமையானதாகக் கருதப்படும் வகைக்கே அது உரியது என்று காட்டினார். எந்த நிலையைக் கொடுத்தாலும் விரைவில் விடைசொல்லும் பொதுவான நிரல் எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. 1991-இன் அந்த 120 நிலைகளுக்கு, இன்னும் ஒரு திறன் குறைவாகச் செலவழித்து முடிக்கும் வழிகளை ரசிகர்கள் இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.