வண்டி மாப்பிள்ளைக்கு

தீபாவளி மலர் கைக்கு வந்தால் கதைகளை ஒதுக்கிவிட்டு, முதலில் தலைதீபாவளித் துணுக்குகளைத்தான் படிக்கிறேன். எத்தனையோ வருஷமாக அதே மாமனார். மாப்பிள்ளை மோதிரம் கேட்பார். இவர் மயங்கி விழுவார். எனக்கும் சிரிப்பு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் ஹாஸ்ய எழுத்தாளர்கள் விஷயத்தைத் தீபாவளியன்றே முடித்துவிடுகிறார்கள் என்பது என் குறை. வந்த சீருக்கு மறுநாளிலிருந்து தீனி போட வேண்டுமே, அதை எழுதுகிறவர் யார்?

போன மார்கழியில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் ஸீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி, மாப்பிள்ளைக்குத் தலைதீபாவளிக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுத்தவள். அந்தப் பக்கம் மானாவாரிப் பூமி. தீபாவளி சமயத்தில் பருத்தி செடியாகத்தான் நிற்கும். காசாவது தைக்கு மேல். ஆகவே வண்டி தவணையில் வந்திருக்கிறது.

“வண்டி மாப்ளைக்கு, தவணை எங்களுக்கு. பெட்ரோலு தீந்தா எம் பொண்ணை அனுப்பிவிடுறாரு” என்றாள்.

மற்றவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “கவர்மெண்டு குடுத்த டி.வி. மாதிரிதான். பொட்டி ஓசி, அதுக்கு மாசாமாசம் சோறு போட்டது நானு!”

2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. கேபிள் சந்தா இலவசமல்ல. 2011-ல் அரசு கேபிள் 70 ரூபாய் என்று வைத்தபோது சந்தா குறைந்தது, ஒழியவில்லை. இதைப் பற்றி எவ்வளவோ பேசினார்கள், எழுதினார்கள். அந்த அம்மாள் சொன்ன ‘சோறு’ யாருக்கும் அகப்படவில்லை.

‘உல்லாஸ வேளை’ எழுதிய எஸ்.வி.வி. அந்தப் பஸ்ஸில் இருந்திருக்க வேண்டும். குடும்பத்துக்குள்ளேயே ஹாஸ்யத்தைக் கண்டவர் அவர். ஆனால் அவராலும் கடைசி வரை சிரித்துக்கொண்டு வந்திருக்க முடியுமா? டி.வி.யை அணைத்துவிடலாம். பெட்ரோல் காசுக்குப் பிறந்த வீட்டு வாசலில் வந்து நிற்கிற பெண்ணை என்ன செய்வது? வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நம் துணுக்கு எழுத்தாளர்கள் அதற்குப் பிறகு மோதிரத்தை ஸ்கூட்டராக்கினார்கள், ஸ்கூட்டரைக் காராக்கினார்கள். வேறு எதையும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து மலரை மறுபடி புரட்டினேன். தலைதீபாவளித் துணுக்குகள் ஏழு. படங்களில் மாமனார் இருக்கிறார், மாப்பிள்ளை இருக்கிறார், ஒன்றில் நாய்கூட இருக்கிறது. பெண் ஒரே ஒரு படத்தில், காபி டம்ளருடன், கதவுக்குப் பின்னால் பாதி தெரிகிறாள்.