படுகளத்து மண்

எலவனாசூர்கோட்டையில் என் பெரியம்மாவின் பிள்ளை இருக்கிறார். உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி போகிற சாலையில் உள்ள ஊர். கோடையில் அந்தப் பக்கம் போனால், சுற்று வட்டாரத்தில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து.

போன தடவை நான் பையைக் கீழே வைப்பதற்குள் அண்ணி மடக்கிவிட்டாள். முந்தின நாள்தான் டெலிவிஷனில் ‘கர்ணன்’ படம் பார்த்திருக்கிறாள்.

“ஏன் தம்பி, முத்து சிதறுகிற அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகும் துரியோதனனைக் கெட்டவன் என்று எப்படிச் சொல்வது? நீங்கள் கதை எழுதுகிறவர், சொல்லுங்கள்.”

கட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கர்ணனும் பானுமதியும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கணவன் வருவதைக் கண்டு அவள் எழுந்திருக்கிறாள். அதைக் கவனியாத கர்ணன் பிடித்து இழுக்க, மேகலை அறுந்து மணிகள் உருளுகின்றன. துரியோதனன் முகம் சுளிக்கவில்லை. பொறுக்கித் தரட்டுமா, கோத்தும் தரட்டுமா என்று கேட்கிறான். 1964-ல் வந்த படத்துக்கு இது வில்லிபுத்தூராரிடமிருந்து கிடைத்தது. அங்கே கர்ணனே இதைக் குந்தியிடம் சொல்கிறான். வியாசர் பாரதத்தில் இப்படி ஒரு சம்பவம் கிடையாது. வில்லி திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர். ஏறக்குறைய இந்தச் சீமை மனிதர் என்றே சொல்லலாம். பிறர் படைத்த பாத்திரத்தின்மேல் ஆசை வைத்தவர்கள், மூலம் கொடுக்காத ஒரு நல்ல குணத்தை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படிக் கொடுப்பதில் பல தினுசு உண்டு. புலவர் குழந்தை 1946-ல் வெளியிட்ட ‘இராவண காவியம்’ வில்லனையே நாயகனாக்கிவிட்டது. 1948-ல் சர்க்கார் அதைத் தடை செய்தது; தடை நீங்க 1971 வரை ஆயிற்று. அது கட்சி மாறிய நூல். அதில் இராவணன் கெட்டவனா என்ற கேள்விக்கே இடமில்லை. பாஸனுடைய ‘ஊருபங்கம்’ என்ற சம்ஸ்கிருத நாடகம் வேறு வழியில் போகிறது. தொடை முறிந்து கிடக்கும் துரியோதனன், சினந்து எழுந்த பலராமனைத் தடுக்கிறான்; தன் சின்னப் பையனிடம் பாண்டவர்களை மரியாதையாக நடத்தச் சொல்கிறான். படிக்கும்போது கண் கலங்கியது. ஆனால், இவ்வளவு நல்லவன் முன்பெல்லாம் எங்கே போயிருந்தான் என்ற சந்தேகமும் கூடவே வந்தது. சாகும் நேரத்தில் வில்லனைத் திருத்துவது எழுத்தாளனுக்கு ரொம்ப சுலபம். என் தொடர்கதை ஒன்றில் வட்டிக்கடைக்காரன் ஒருவனைக் கடைசி அத்தியாயத்தில் அழவைத்து நானே இதைச் செய்திருக்கிறேன். வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

வில்லி அந்தக் காரியத்தைச் செய்யவில்லை. அதனால்தான் முத்துக் கட்டம் உசத்தி. ஆனால் அண்ணி நினைத்ததுபோல் அது துரியோதனனை விடுதலை செய்கிற சாட்சியம் அல்ல. தன் மனைவி அந்நிய ஆடவனோடு தனித்திருந்தபோது சந்தேகப்படாதவன் அவன். ஒரு பெண்ணின் மானம் எவ்வளவு நுட்பமான சமாசாரம் என்பதை அறிந்தவன். அப்படி அறிந்தவனேதான் இன்னொருவன் மனைவியைக் கூந்தலைப் பற்றி இழுத்துவரச் சொல்லி, சபை நடுவில் தன் தொடையைக் காட்டினான். மூடன் செய்திருந்தால் மூடத்தனம் என்று விட்டுவிடலாம். இவனை விட முடியாது. அந்த மணிகள் அவன் குற்றத்தின் கனத்தைக் கூட்டத்தான் கூட்டுகின்றன.

“அப்படியானால் மீட்சியே இல்லாத பாவி என்கிறீர்களா?” என்றாள் அண்ணி.

அதுவும் எனக்குச் சம்மதமில்லை. வியாசருக்கே சம்மதமில்லையே! தருமபுத்திரர் சொர்க்கத்துக்குப் போனதும் முதலில் பார்ப்பது, அங்கே ஜம்மென்று வீற்றிருக்கும் துரியோதனனைத்தான். அவருக்கு வருகிற ஆத்திரம் இருக்கிறதே, அது நம்முடைய ஆத்திரம். மன்னிப்புக் கேட்காதவனுக்கு ஏன் ஆசனம்? க்ஷத்திரிய தருமப்படி போரில் உயிர் விட்டான் என்று காரணம் சொல்லப்படுகிறது. எனக்கு அது போதவில்லை.

அண்ணனும் அண்ணியும் நானுமாகப் படுகளம் பார்க்கப் போனோம். பக்கத்துக் கிராமம் ஒன்றின் கோவில் திடலில் மல்லாந்து கிடந்தான் துரியோதனன். முழுக்க மண். நீளம் முப்பது அடிக்குக் குறையாது. உருட்டிய கண், முறுக்கிய மீசை, தலையில் கிரீடம், வணங்காமுடி அல்லவா? வேஷம் கட்டிய துரியோதனனும் பீமனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி வெயிலில் ஓடினார்கள். பீமன் தொடையில் அடித்தான். சிவப்பு நீர் தெறித்தது. திரௌபதி கூந்தலை நனைத்து முடிந்துகொண்டாள். பிறகு பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைத்தாள். மூலத்தில் அதிகம் வாய் திறவாத மனைவிக்குக் கூத்து ஒரு பெயரும் கொடுத்து, அழவும் விட்டிருக்கிறது. சற்று முன் பீமனுக்குக் குலவையிட்ட பெண்கள் அவளோடு சேர்ந்து மூக்கைச் சிந்தினார்கள். அவன் செய்தது சரி என்று அவர்களில் ஒருத்தியும் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கூட்டம் அந்த உடம்பின்மேல் பாய்ந்தது. ஆளுக்கொரு பிடி மண் அள்ளினார்கள். திரும்பிப் பார்த்தால் அண்ணியும் முந்தானையில் முடிந்துகொண்டிருக்கிறாள்.

“எதற்கு அண்ணி?”

“நெல் குதிரில் போட்டால் குறையாது என்பார்கள். இப்போது குதிருக்கு எங்கே போவது? அரிசி டிரம்மில்தான் போட வேண்டும்.”

“எந்த இடத்து மண்?”

“தொடை” என்றாள் அண்ணி, முடிச்சை இறுக்கிக்கொண்டே.