பிறந்தநாள் பிரியாணிக்குப் பிறகு

சென்னை சைதாப்பேட்டையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய நினைப்பவர், அருகிலுள்ள இல்லத்துக்குப் போன் போட்டு முதலில் தேதிதான் கேட்பார். மகளின் பிறந்தநாள், அப்பாவின் திதி, கல்யாண நாள் என்று ஏதாவதொன்று. மதியச் சாப்பாடு என்றால் இவ்வளவு, வடை பாயசத்தோடு என்றால் இவ்வளவு, பிரியாணி என்றால் இவ்வளவு என்று அங்கே கணக்குச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலும் இதே வழக்கம்தான். தேதி கேட்பவர் மட்டும் டொராண்டோவிலோ லண்டனிலோ இருப்பார். அம்மாவின் நினைவுதினத்துக்கு அங்கிருந்து காசு வந்துவிடும். சாப்பாட்டு மண்டபத்தில் அவருடைய படத்துக்கு மாலை போட்டு, பிள்ளைகள் தேவாரம் பாடிவிட்டுப் பந்தியில் உட்காருவார்கள்.

இந்த ஈகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொருந்துகிற உதவி இது. பதினாறு வயதுப் பையனுக்கு, முன்பின் தெரியாத வீட்டுக் குழந்தையின் கேக்கைச் சுற்றி நின்று கைதட்டுவதே கூச்சம். அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போட்டால் அவமானம், அதோடு குற்றமும்கூட. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பிலுள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கும் இடம் தந்த இல்லங்கள் கடலின் இரு கரையிலும் உண்டு. சைதாப்பேட்டையிலிருந்து ஆற்றைத் தாண்டினால் அடையாறு. 1930வாக்கில், தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்கு விடுதிகள் இடம் தர மறுத்தபோது முத்துலட்சுமி ரெட்டி தன் வீட்டில் இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் அப்படிப் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலை நிர்வகித்த தங்கம்மா அப்பாக்குட்டி, கோயிலுக்கு வந்த பணத்தைத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்துக்குத் திருப்பினார். இலங்கைத் தமிழர் இல்லங்களில் பல இன்றும் கோயிலையோ மிஷனையோ ஒட்டி நிற்பவை. இங்கே, தமிழ்நாட்டில், டிரஸ்டுகளும் தனி நன்கொடையாளர்களும் அரசு மானியமும்தான் இல்லங்களைத் தாங்குகின்றன. அங்கே ஊர் கூடிப் பார்த்துக்கொள்ளும்; இங்கே தணிக்கை வந்து பார்க்கும்.

சட்டத்திலும் இந்த வேறுபாடு தெரிகிறது. சைதாப்பேட்டை ரயில் நிலையத்தில் வீட்டை விட்டு ஓடிவந்த பையன் ஒருவன் கண்ணில் பட்டால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ போலீஸுக்கோ சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அவனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு மாஜிஸ்திரேட் அதிகாரம் உண்டு. இரக்கப்பட்டு நாமே வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ள முடியாது. இலங்கையில் அழைக்க வேண்டிய எண் 1929. 1998இல் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அதை நடத்துகிறது. அதன் பிறகு நன்னடத்தை உத்தியோகத்தர் வருவார், பிள்ளையை நீதவான் முன் கொண்டுபோவார். பிள்ளை பிறந்த வீட்டுக்கும் போய் நிலைமை பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை.

அந்தக் கட்டமைப்புக்கு அடிப்படை 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம். எழுதப்பட்டபோது அதன் கண்ணில் 14 வயதுக்குக் கீழ் சிறுவர், 14 முதல் 16 வரை இளைஞர், அதற்குமேல் பெரியவர்தான். இந்தியச் சட்டம் 18 வரை போகிறது. இல்லத்தை விட்டு வெளியேறியவருக்கு 21 வயது வரை பின்கவனிப்பு உண்டு என்றும் சொல்கிறது. குடும்பத்தோடு உறவு அறாமல் தெருவில் பிழைக்கும் பிள்ளைகள் வந்து போக, திறந்தநிலைத் தங்குமிடம் என்ற ஏற்பாடும் அதில் இருக்கிறது. சைதாப்பேட்டை பஜார் ரோடு கடைகளில் எடுபிடி வேலை பார்க்கும் பையனுக்கு உதவக்கூடியது அதுதான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. பழைய ஏரியாவிலேயே பள்ளியோ வேலையோ உள்ள பிள்ளைக்கும் இரவு தங்க இப்படி ஓர் இடம் தேவைப்படலாம். காகிதத்தில் இந்தியாவின் கை ஓங்கியிருக்கிறது; வீடு தேடிப் போகும் ஒரு தனி ஆளை மையமாக வைத்ததில் இலங்கைக்கு ஒரு பலம்.

2004 டிசம்பர் 26இல் இரு கரைகளையும் ஒரே அலை அடித்தது. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்காக இலங்கை 2005இல் தனிச் சட்டமே இயற்றி, உறவினரும் மற்றவரும் வளர்ப்புப் பெற்றோராக வழி செய்தது. தமிழ்நாடு காப்பகங்களைத் திறந்தது. நாகப்பட்டினத்து அன்னை சத்யா இல்லம் அவற்றில் தெரிந்த பெயர். அங்கே வளர்ந்த பெண்ணின் கல்யாணத்தை, சுனாமிக்குப் பின் நாகை ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் 2022இல் முன்நின்று நடத்திவைத்தார். கட்டடத்தைவிட, பதினேழு வருஷம் விடாமல் தொடர்ந்த அந்த உறவைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கொரோனா வந்தபோது தமிழ்நாடே பாதையை மாற்றிக்கொண்டது. 2021 மே மாதம், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளையின் பெயரில் ஐந்து லட்சம் வைப்புத்தொகை அறிவிக்கப்பட்டது. உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் 3,000 ரூபாய். 2025இல் வந்த அன்புக் கரங்கள் திட்டம் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. இதற்கெல்லாம் முன்பே, 2020இல், ராயபுரம் அரசு இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குத் தொற்று பரவி உச்ச நீதிமன்றமே விசாரித்தது. நெருக்கமாக அடைத்து வளர்ப்பதன் ஆபத்தை அது காட்டியது. இலங்கையிலோ, தனிச் சட்டம் ஒரு பக்கம் இருக்க, போருக்குப் பிந்தைய வடக்கில் தாயோ தகப்பனோ உயிரோடிருக்கும் பிள்ளைகளும் வறுமையால் இல்லம் வந்து சேர்ந்தார்கள். இல்லத்துக்கு அனுப்பும் காசில் ஒரு பங்கு அந்தத் தாய்க்கே போயிருந்தால் பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கும்.

ஆக, ஒரு நாளுக்குக் கொடுப்பதைவிட ஓர் ஆளுக்குக் கொடுப்பது மேல். பதினெட்டு முடிந்து வெளியே வரும் பையன் சைதாப்பேட்டைச் சந்துகளில் ரூம் தேடிப் போனால், "அப்பா என்ன பண்றாரு?" என்பதுதான் ஹவுஸ் ஓனரின் முதல் கேள்வி. அட்வான்ஸ் பணம் அதற்குப் பிறகு. ஆதார், சாதிச் சான்றிதழ், கிண்டி ஐடிஐயில் சேர விண்ணப்பம், ரயில் சீசன் பாஸ் என ஒவ்வொன்றுக்கும் அலைய ஒரு பெரியவர் வேண்டும். தீபாவளிக்கு வீட்டுக்கு வா என்று கூப்பிடவும் ஒருவர் வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரே பிள்ளைக்கு இதைச் செய்பவர் அன்னதானம் செய்தவரைவிடக் குறைவாகவே செலவழித்திருக்கலாம்.

இல்லத்துக்குப் பணம் கொடுக்குமுன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். இந்தியாவில் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி அது கட்டாயம். பிறகு, போன வருஷம் பதினெட்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒருவன் வேலூரில் வெல்டிங் வேலையில், ஒருத்தி நர்சிங் இரண்டாம் வருஷத்தில், இன்னொருவனைப் பற்றி ஆறு மாதமாகத் தகவலில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று ஆள் ஆளாகச் சொல்லத் தெரிந்த இல்லத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அது சைதாப்பேட்டையில் இருந்தாலும் சரி, சாவகச்சேரியில் இருந்தாலும் சரி.